அந்தச் சீட்டை வாசிங்க சார்!

சிதம்பரத்துல புவனகிரி பஸ் ஏறினா, வெள்ளாத்துப் பாலத்துக்கு முன்னாடியே வந்துடும் கீரப்பாளையம். ஒன்றிய ஆபீஸ் இருக்கிற ஊர். எந்தக் கட்சி மாநாடு அறிவிச்சாலும் போதும், அந்த ரோடே கலர் மாறிடும். கொடி கட்டின வேன், ஜன்னல்ல பாதி உடம்பைத் தொங்க விட்ட பசங்க, பின்சீட்ல சாப்பாட்டுப் பொட்டலம். திரும்பி வந்தவங்ககிட்ட, "அண்ணே, மாநாட்டுல என்ன தீர்மானம் போட்டாங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. உங்களை ஒரு மாதிரியாப் பார்ப்பாங்க. அவங்க மேல தப்பில்ல. அவங்க போனது கூட்டம் காட்ட. தீர்மானம் போடுற கூட்டம் வேற.

அந்த வேற கூட்டத்துல உட்கார்றவங்களுக்குப் பேரு பிரதிநிதி. கழுத்துல ஒரு அடையாள அட்டை, கையில ஒரு ஃபைல், ஓட்டுப் போட ஒரு உரிமை. ஊர்ல இருக்கிற கட்சிக்காரங்க சார்பா அங்க போய்ப் பேசுறதும் கை தூக்குறதும் அவங்க வேலை. கட்சிக்கு யார் தலைவர், கொள்கை என்ன, யாரோட கூட்டுன்னு முடிவு பண்றது இவங்கதான். அந்த ஹாலுக்குள்ள எப்படி நடந்துக்கணும், யார் எப்போ பேசலாம், குரல் உயர்ந்தா யார் அடக்கலாம்? இதைப் பத்தித்தான் இந்த வாரம் பேசப் போறோம். "போர் அடிக்குமே பாஸ்"னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. இதுல செருப்பு, நாற்காலி, யானை, தண்ணி பாட்டில் எல்லாம் வருது.

அதுக்கு முன்னாடி என் ஃப்ரெண்ட் கதை ஒண்ணு.

காலேஜ் பேரு வேணாம். எங்க டிபார்ட்மென்ட் அசோசியேஷனோட பொதுக்குழுக் கூட்டம். ஒரு கருத்தரங்குக்காக ஆளுக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணியிருந்தாங்க. கருத்தரங்கு முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு, கணக்கு வரலை. கீரப்பாளையத்துலேர்ந்து தினம் பஸ்ல வர்ற என் ஃப்ரெண்ட் ஒரு சீட்டு எழுதி மேடைக்கு அனுப்பினான். 'வரவு செலவுக் கணக்கை வாசிக்கக் கோருகிறேன்.' அவ்வளவுதான், ஒரே வரி. மேடையில இருந்த செயலாளர் அண்ணன் வாங்கினார், படிச்சார், நாலா மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். அடுத்து நன்றியுரைன்னு அறிவிச்சுட்டார்.

என் ஃப்ரெண்ட் எழுந்து, "அந்தச் சீட்டை வாசிங்க அண்ணே"ன்னான். "உட்காருடா"ன்னு ஒரு சத்தம். "நீ எந்த வருஷம்?"னு இன்னொரு சத்தம். பின்னாடி பெஞ்ச்ல டெஸ்க்கைத் தட்ட ஆரம்பிச்சாங்க. எங்கேர்ந்தோ ஒரு செருப்பு பறந்து வந்து ப்ளாக்போர்டுல மோதி விழுந்துச்சு. கூட்டம் முடிஞ்சது. மறுநாள் நோட்டீஸ் போர்டுல, 'பொதுக்குழு இனிதே நடந்தது.'

அன்னிக்கு நாங்க சிரிச்சோம். பல வருஷம் கழிச்சு, 1907-ல சூரத்துல நடந்த காங்கிரஸ் மாநாட்டைப் பத்திப் படிச்சப்போ தூக்கிவாரிப் போட்டுச்சு. அங்கயும் ஒரு சீட்டு, அங்கயும் அதை யாரும் வாசிக்கலை, அங்கயும் ஒரு செருப்பு!

சூரத்: ரெண்டு நாள் கலாட்டா

அப்போ காங்கிரஸுக்குள்ள ரெண்டு கோஷ்டி. வெள்ளைக்காரன்கிட்ட மனு கொடுத்து, பேசிப் பேசி வாங்கலாம்னு சொன்னவங்க மிதவாதிகள். கோகலே, பிரோஸ்ஷா மேத்தா, சுரேந்திரநாத் பானர்ஜி எல்லாம் அந்தப் பக்கம். மனுவெல்லாம் ஆகாது, அந்நியத் துணியைப் பகிஷ்கரி, சுயராஜ்யம் கேளுன்னு சொன்னவங்க தீவிரவாதிகள் (அந்தக் காலத்து அர்த்தத்துல படிங்க). அந்தப் பக்கத்துக்குத் தலைவர் திலகர். நம்ம ஊர் வ.உ.சி.யும் பாரதியும் திலகர் கட்சி. ரெண்டு பேரும் ரயில் ஏறி சூரத்துக்கே போயிட்டாங்க. பாரதி அந்தப் பயணத்தை 'எங்கள் காங்கிரஸ் யாத்திரை'ன்னு எழுதவும் செஞ்சார்.

இதுல ஒரு சுவாரஸ்யம். அதே 1907-ல பாரதி பாட்டுக்களை முதன்முதலா அச்சடிச்சு ஆயிரக்கணக்குல இலவசமா கொடுத்தவர் வி.கிருஷ்ணசாமி ஐயர். அவர் பக்கா மிதவாதி! எதிர் கோஷ்டிக்காரர் பாட்டு நல்லா இருக்குன்னு சொந்தக் காசுல புஸ்தகம் போட்டிருக்கார். இப்போ இருக்கிற ஐ.டி. விங் காலத்துல இதை நினைச்சுப் பார்க்கவே முடியலை.

சரி, மேட்டருக்கு வருவோம். மாநாடு முதல்ல நாக்பூர்ல நடக்கறதா இருந்துச்சு. அங்க திலகர் ஆட்கள் கை ஓங்கியிருக்கேன்னு இடத்தை சூரத்துக்கு மாத்திட்டாங்க. மாநாடு நடக்கிற மாகாணத்துக்காரர் அந்த வருஷம் தலைவராகறதில்லைங்கிறது வழக்கம். சூரத் அப்போ பம்பாய் மாகாணம், திலகரும் பம்பாய் மாகாணம். கதை முடிஞ்சது. ஒரு ஓட்டுக்கூட விழறதுக்கு முன்னாடி, ஊரை மாத்தியே ஒரு ஆளை ஓரங்கட்டியாச்சு. லாலா லஜபதி ராயைத் தலைவராக்கலாம்னு அந்தப் பக்கம் சொன்னாங்க, அவர் ஒதுங்கிக்கிட்டார். மிதவாதிகள் நிறுத்தினது ராஷ் பிஹாரி கோஷை.

இதுல இன்னொரு பயம் வேற. முந்தின வருஷம் கல்கத்தாவுல தாதாபாய் நவ்ரோஜி தலைமையில சுயராஜ்யம், சுதேசி, பகிஷ்காரம், தேசியக் கல்வின்னு நாலு தீர்மானம் போட்டிருந்தாங்க. சூரத்துல அதை நீர்த்துப் போகச் செய்யப் போறாங்கன்னு பேச்சு அடிபட்டுச்சு. ஆயிரத்து அறுநூறு பிரதிநிதிகள் வந்திருந்த பந்தல் ஏற்கெனவே கொதிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு.

டிசம்பர் 26, மத்தியானம். கோஷ் பேரை ஒருத்தர் முன்மொழிஞ்சார். வழிமொழிய சுரேந்திரநாத் பானர்ஜி எழுந்தார். அந்தக் காலத்துல இந்தியாவுலயே பெரிய பேச்சாளர்னு பேர் வாங்கினவர். அவரைப் பேசவே விடலை. ஒரே கூச்சல். வேற வழியில்லாம அன்னிக்கு சபையைக் கலைச்சுட்டாங்க.

மறுநாள்தான் சீட்டு வருது. ஊர்வலம் பந்தலுக்குள்ள வர்ற நேரத்துல திலகர் ஒரு சீட்டு எழுதி வரவேற்புக் கமிட்டித் தலைவர் மால்விக்கு அனுப்பினார். தலைவர் தேர்தல் தீர்மானத்தை வழிமொழிஞ்சதுக்கப்புறம் நான் பிரதிநிதிகள்கிட்ட பேசணும், ஒத்திவைப்புத் தீர்மானம் ஒண்ணு கொண்டு வரணும், சமரசத்துக்கு ஒரு யோசனை வெச்சிருக்கேன்னு அதுல கேட்டிருந்தார். பதில் வரலை. ஞாபகப்படுத்தினார், அதுக்கும் பதில் இல்லை. பானர்ஜி விட்ட பேச்சை முடிச்சார், மோதிலால் நேரு ஆதரிச்சார், கோஷ் தேர்ந்தெடுக்கப்பட்டார்னு அறிவிச்சாச்சு. கோஷ் பேச எழுந்துட்டார்.

திலகர் நேரா மேடை ஏறிட்டார். பேச எனக்கு உரிமை இருக்குன்னார். மால்வி, நீங்க பேசறது ஒழுங்குக்கு மாறானதுன்னார். கோஷும் அதையே சொன்னார். திலகர் கையைக் கட்டிக்கிட்டு அசையாம நின்னார். வேணும்னா தூக்கிட்டுப் போங்கங்கிற மாதிரி. கீழேர்ந்து ஆட்கள் தடியோட மேடைக்குத் தாவறாங்க. அந்த நேரத்துல கோகலே, எதிர்க் கோஷ்டி கோகலே, திலகர் மேல அடி விழாம கையை விரிச்சு மறிச்சு நின்னார். எனக்கு இந்த மாநாட்டுலயே பிடிச்ச காட்சி இதுதான்.

அப்பத்தான் பறந்து வந்துச்சு செருப்பு. நெவின்சன்னு ஒரு இங்கிலீஷ் பத்திரிகைக்காரர் கிட்டக்க உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தார். அவர் அதைப் பத்தி வர்ணிச்சிருக்கிறதைப் பார்த்தா கிரிக்கெட் கமென்ட்ரி தோத்துடும். சிவப்புத் தோல், வளைஞ்ச முனை, அடியில ஈயம் பதிச்ச மராட்டிச் செருப்பு. பானர்ஜி கன்னத்துல பட்டு, அங்கேர்ந்து தெறிச்சு மேத்தா மேல விழுந்துச்சாம். யாருக்குக் குறி வெச்சு எறிஞ்சதுங்கிறதுல ரெண்டு கோஷ்டியும் வேற வேற கதை சொன்னாங்க. அதுக்கப்புறம் நாற்காலி, தடி, தலைப்பாகைன்னு கையில கிடைச்சதெல்லாம் பறந்துச்சு. வெள்ளைக்காரனை எதிர்க்கக் கூடின மாநாட்டுப் பந்தலை, வெள்ளைக்காரனோட போலீஸ் வந்து காலி பண்ணிக் கொடுத்துச்சு. இதைவிட அவமானம் வேற என்ன வேணும்?

யார் மேல தப்பு? என்னைக் கேட்டா, முதல் நாள் பானர்ஜியைப் பேச விடாம கத்தினவங்க மேல பாதி. மீதிப் பாதி அந்தச் சீட்டைப் பையில வெச்சுக்கிட்டவர் மேல. மால்வி பண்ணின தப்பு திலகரை 'ஒழுங்குக்கு மாறு'ன்னு சொன்னதுகூட இல்லை. அது தலைவரோட உரிமை. சீட்டு வந்துச்சு, இன்ன காரணத்துக்காக அனுமதிக்கலைன்னு சபைக்குச் சொல்லியிருக்கணும். சொல்லலை. 'உன் பேச்சை ஏத்துக்கலை'ங்கிறதை எந்த மனுஷனும் தாங்கிடுவான். 'நீ பேசினதே எங்க காதுல விழலை'ங்கறதைத்தான் தாங்க முடியாது.

ரூல் புக்கே இல்லாத கட்சி

இதுல பெரிய ஆச்சரியம், காங்கிரஸ் ஆரம்பிச்சு இருபத்திரண்டு வருஷம் ஆகியும், யார் பிரதிநிதி, யார் எப்போ பேசலாம்னு முழுசா எழுதின சட்டதிட்டம் நடைமுறையில இல்லை. 1885-ல பம்பாய்ல முதல் மாநாட்டுக்கு வந்தவங்க வெறும் 72 பேர். முதல் தீர்மானத்தை முன்மொழிஞ்சவர் நம்ம ஆளு, 'தி ஹிண்டு', 'சுதேசமித்திரன்' ஜி.சுப்பிரமணிய ஐயர். 72 பேருக்கு ரூல் எதுக்கு? கல்யாண வீட்டுத் திண்ணையில பேசற மாதிரி பேசி முடிச்சுடலாம். 1887-ல சென்னையில கூடினப்போ 600 பேருக்கு மேல. தீர்மானங்களை மேடையில இருக்கிற நாலு பெரிய மனுஷங்க மட்டும் எழுதினா எப்படின்னு இளவட்டங்க குரல் கொடுக்க, அங்கதான் விஷயக் கமிட்டின்னு ஒண்ணு போட்டாங்க. திறந்த மாநாட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி தீர்மானத்தை அலசறதுக்கு ஒரு சின்னக் குழு. 1889-ல பம்பாய்ல வந்த பிரதிநிதிகள் எண்ணிக்கையும் 1889! அதைப் பார்த்துப் பயந்து, பத்து லட்சம் ஜனத்துக்கு அஞ்சு பேர்னு கணக்கு வெச்சாங்க. ஆனா யார் தேர்ந்தெடுக்கறது? ஏதோ ஒரு ஊர்ல பொதுக்கூட்டம் போட்டு, இவர்தான் பிரதிநிதின்னு சொன்னா சரி. மாநாடு நடக்கிற ஊர்க்காரங்க கூட்டமா வந்து ஹாலை நிரப்பிடலாம். சூரத்துல பந்தலுக்குள்ள இருந்தவங்க பலம் யார் பக்கம்னு அளக்கவே வழியில்லாமப் போச்சு.

அடி வாங்கினப்புறம்தான் ரூல் புக் வந்துச்சு. அடிதடி நடந்த மறுநாளே மிதவாதிகள் தனியாக் கூடினாங்க. வாசல்ல கொள்கைப் பத்திரம், கையெழுத்துப் போட்டாத்தான் உள்ள. 1908 ஏப்ரல்ல அலகாபாத்துல முறையான சட்டதிட்டம் எழுதினாங்க. கொள்கையை எழுத்து மூலமா ஏத்துக்கிட்டாத்தான் பிரதிநிதி, அங்கீகாரம் பெற்ற அமைப்பு தேர்ந்தெடுத்து அனுப்பினாத்தான் பிரதிநிதி. ஒழுங்கு வந்துடுச்சு. ஆனா ஆள் வரலை. அந்த வருஷக் கடைசியில சென்னையில நடந்த மாநாடு சத்தமே இல்லாம முடிஞ்சது. சத்தம் போடறவங்க எல்லாம் எங்க? திலகர் மண்டலே சிறையில. வ.உ.சி. கோயமுத்தூர் சிறையில. பாரதி புதுச்சேரியில. (பத்து வருஷம் கழிச்சு, 1918 நவம்பர்ல பாரதி புதுச்சேரியை விட்டு வெளியே வந்தப்போ கைது பண்ணி வெச்சது நம்ம கடலூர் ஜெயில்லதான்.) ரெண்டு பக்கமும் மறுபடி ஒண்ணு சேர 1916 லக்னோ வரைக்கும் ஆச்சு.

அமெரிக்காவுலயும் இதே கதைதான். 1924-ல நியூயார்க்ல ஜனநாயகக் கட்சி மாநாடு. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க 103 தடவை ஓட்டெடுப்பு நடத்தினாங்க. ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. 1968 சிகாகோவுல வெளியே தெருவுல போலீஸ் தடியடி, உள்ள மாநாட்டு ஹால்லயே டான் ராதர்ங்கிற டி.வி. நிருபரை வயித்துல குத்தினாங்க. அதுக்கப்புறம்தான் பிரதிநிதிகளை எப்படித் தேர்ந்தெடுக்கணும்னு கமிஷன் போட்டு விதிகளை மாத்தினாங்க. இப்போ பெரும்பாலான மாநிலங்கள்ல நடக்கிற முதல்நிலைத் தேர்தல்கள் பெருகினது அதனாலதான்.

சேலத்துக்காரர் தலைமையில ஒரு கூச்சல்

1920 டிசம்பர், நாக்பூர். தலைவர் சேலம் சி.விஜயராகவாச்சாரியார். பிரதிநிதிகள் மட்டுமே பதினாலாயிரத்துக்கு மேல! இந்த மாநாட்டுலதான் ஐம்பதாயிரம் ஜனத்துக்கு ஒரு பிரதிநிதி, நாலணா கொடுத்தா உறுப்பினர், மொழிவாரியா மாகாணக் கமிட்டின்னு காந்தி புதுச் சட்டதிட்டம் கொண்டு வந்தார். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டிங்கிற அமைப்புக்கு அடித்தளம் அதுதான். ஒழுங்கு விஷயத்துல காங்கிரஸ் அடைஞ்ச பெரிய வெற்றி.

அதே மாநாட்டுலதான் ஜின்னா ஒத்துழையாமைத் தீர்மானத்தை எதிர்த்துப் பேச எழுந்தார். 'மிஸ்டர் காந்தி'ன்னு சொன்னார். 'மகாத்மான்னு சொல்லு'ன்னு ஆயிரக்கணக்கான தொண்டை ஒண்ணாக் கத்துச்சு. அவர் மாட்டேன்னார். கூச்சல் நிக்கலை. கடைசியில அவர் மேடையை விட்டு இறங்கினார், காங்கிரஸை விட்டும் விலகினார். ஒரு கூச்சலாலதான் தேசம் பிரிஞ்சதுன்னு கதை கட்ட மாட்டேன், அதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு. ஆனா எதிர்த்து ஓட்டுப் போட அந்த ஹால்ல அவருக்கு முழு உரிமை இருந்துச்சு. ரூல் புக் எழுதின அதே கைங்கதான் அவரைப் பேச விடாம தட்டுச்சு.

அஞ்சு வருஷம் கழிச்சு நம்ம ஊர்லயே ஒண்ணு நடந்துச்சு. 1925 நவம்பர், காஞ்சிபுரம், தமிழ்நாடு காங்கிரஸ் மாநாடு. தலைவர் திரு.வி.க. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் வேணும்னு தீர்மானம் கொண்டு வந்தவர் ஈ.வெ.ரா. தீர்மானத்தைத் தலைவர் அனுமதிக்கலை. பெரியார் வெளியே நடந்தார். அங்க செருப்பு பறக்கலை, நாற்காலி உடையலை. ஒரு துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு ஒருத்தர் வெளியே போனார், அவ்வளவுதான். தமிழ்நாட்டு அரசியல் அப்புறம் என்னாச்சுன்னு உங்களுக்கே தெரியும். திரு.வி.க.வும் பெரியாரும் கடைசி வரைக்கும் நண்பர்களாத்தான் இருந்தாங்கங்கிறது வேற விஷயம்.

ஸ்ட்ரெச்சர்ல வந்த தலைவர்

எல்லாத் தலைவர்களும் சீட்டைப் பையில வெச்சுக்கிட்டவங்க இல்லை. 1939 ஜனவரி. காங்கிரஸ் தலைவர் பதவிக்குப் போட்டி. காந்தி ஆதரவு பெற்ற பட்டாபி சீதாராமய்யாவுக்கு 1377 ஓட்டு. சுபாஷ் சந்திர போஸுக்கு 1580. அந்த ஓட்டைப் போட்டது ஊர் ஊராத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள். 1907-ல அளக்க முடியாத பலத்தை இப்போ நம்பர்ல அளந்தாச்சு.

மார்ச்ல திரிபுரியில மாநாடு. போஸுக்குக் கடுமையான ஜுரம். 52-வது மாநாடுங்கறதால 52 யானை பூட்டி ஊர்வலம், ஆனா ரதத்துல அவரோட படம்தான் போச்சு. ஆள் ஸ்ட்ரெச்சர்ல வந்தார். கோவிந்த வல்லப பந்த் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார்: தலைவர் தன்னோட காரியக் கமிட்டியை காந்தி விருப்பப்படிதான் அமைக்கணும். ஜெயிச்ச தலைவரோட கையைக் கட்டிப் போடற தீர்மானம். இது கட்சிச் சட்டதிட்டத்துக்கே விரோதம்ங்கிறது போஸோட வாதம். தலைவர் நாற்காலியில இருந்தவர் அவர்தானே, செல்லாதுன்னு ஒரே வார்த்தையில தள்ளியிருக்கலாம். தள்ளலை. விவாதத்துக்கு விட்டார். வங்காளப் பிரதிநிதிகள் கூச்சல் போட்டாங்க, தீர்மானம் ஜெயிச்சது, ஏப்ரல் கடைசியில அவர் ராஜினாமா பண்ணினார்.

1928 கல்கத்தா மாநாட்டுல ராணுவ யூனிஃபார்ம் போட்டு, தொண்டர் படைக்குத் தளபதியா நின்னு ஒழுங்கு காத்த அதே சுபாஷ்தான் இவர். யூனிஃபார்ம் போட்டு காத்த ஒழுங்கைவிட, ஜுரத்துல படுத்துக்கிட்டு தனக்கு எதிரான சீட்டை வாசிக்க விட்டாரே, அது பெரிசுன்னு எனக்குத் தோணுது. 'அதனால என்ன லாபம், பதவி போச்சே'ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். என்கிட்ட பதில் இல்லை.

பாட்டிலும் பாலட்டும்

பழைய கதை போதும். 2022 ஜூன் 23, சென்னை வானகரம். அ.தி.மு.க. பொதுக்குழு. ஒற்றைத் தலைமையா, இரட்டைத் தலைமையாங்கிற சண்டை. முந்தின ராத்திரி முழுக்க சென்னை உயர்நீதிமன்றத்துல விசாரணை. ஏற்கெனவே முடிவான 23 தீர்மானத்தைத் தவிர புதுசா எதுவும் எடுக்கக்கூடாதுன்னு விடியற நேரத்துல உத்தரவு. பொதுக்குழு கூடினதும் அந்த 23 தீர்மானத்தையும் நிராகரிக்கிறோம்னு மேடையிலயே அறிவிச்சுட்டாங்க. கூச்சலுக்கு நடுவுல ஓ.பன்னீர்செல்வம் தரப்பு வெளியேறினப்போ அவரை நோக்கித் தண்ணி பாட்டில் பறந்துச்சு. ஜூலை 11-ம் தேதி அடுத்த பொதுக்குழுவுல எடப்பாடி பழனிசாமி இடைக்காலப் பொதுச் செயலாளர் ஆனார். அதே நேரம் ராயப்பேட்டைத் தலைமை அலுவலகத்துல மோதல், ஆபீஸுக்கு சீல். அந்தப் பொதுக்குழு செல்லும்னு 2023 பிப்ரவரி 23-ல உச்சநீதிமன்றம் சொல்ற வரைக்கும் கோர்ட் கோர்ட்டா அலைஞ்சது.

இதுல யார் சரிங்கறதுக்குள்ள நான் போகலை. கோர்ட்ல என்னத்தைப் பத்தி வாதாடினாங்கன்னு கவனிச்சீங்களா? கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும், யார் கூட்டணும், அஜெண்டாவுல இல்லாததை எடுக்கலாமா. நம்ம அசோசியேஷன் பைலால மூணாவது பக்கத்துல இருக்குமே, யாரும் படிக்காத அந்தச் சமாசாரங்கதான். ஒரு பெரிய கட்சியோட தலைவிதி அந்த மூணு வரியில தொங்குச்சு.

இன்னொரு படம் 2025 ஏப்ரல், மதுரை தமுக்கம். மார்க்சிஸ்ட் கட்சியோட 24-வது அகில இந்திய மாநாடு. கம்யூனிஸ்ட் மாநாடுன்னா கட்டுப்பாடு, கை தூக்கல், ஏகமனதுன்னுதான் நாம கேள்விப்பட்டிருப்போம். யார் எந்த மாநிலம், எந்த வயசு, எத்தனை நாள் ஜெயில்ல இருந்தார்னு பிரதிநிதிகளைப் பத்தித் தகுதிக் கமிட்டி அறிக்கையே வாசிக்கும். அப்படிப்பட்ட இடத்துல, தலைமை கொடுத்த மத்தியக் கமிட்டிப் பட்டியலுக்கு எதிரா மகாராஷ்டிரத்துலேர்ந்து டி.எல்.கராட் நான் நிக்கறேன்னார். ரகசிய ஓட்டெடுப்பு நடந்துச்சு. அவருக்குக் கிடைச்சது 31 ஓட்டு. தோத்தார். நாற்காலி எதுவும் பறக்கலை. ஓட்டெடுப்பே அபூர்வங்கிறது வேற விஷயம், ஏகமனசுங்கற பேர்ல எத்தனை சீட்டு பையிலயே தூங்குதோன்னு கேட்கறவங்களும் உண்டு. இதே இயக்கத்துல 1964 ஏப்ரல்ல தேசியக் கவுன்சில்லேர்ந்து 32 பேர் வெளியே நடந்தாங்க, அதுல பி.ராமமூர்த்தியும் என்.சங்கரய்யாவும் இருந்தாங்க. அந்த வெளிநடப்புலேர்ந்துதான் மார்க்சிஸ்ட் கட்சியே வந்துச்சு.

கீரப்பாளையம் திரும்பலாம்

நீங்க எந்தக் கட்சியிலயும் இல்லாம இருக்கலாம். ஆனா பதினெட்டு முடிஞ்சு ஊர் வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா, ஒரு சபைக்கு நீங்க தேர்தல் இல்லாமலே உறுப்பினர். கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இது போக 2022-லேர்ந்து மார்ச் 22, நவம்பர் 1. வருஷத்துக்கு ஆறு தடவை. இதுக்குக் கோரமும் உண்டு. ஊர் ஜனத்தொகை 500 வரைக்கும்னா 50 பேர், 3,000 வரைக்கும்னா 100, பத்தாயிரம் வரைக்கும்னா 200, அதுக்கு மேலன்னா 300 பேர் வந்திருக்கணும்.

என் ஃப்ரெண்ட் இப்பவும் கீரப்பாளையம் பக்கம்தான் இருக்கான். லீவு நாள்ல தூங்காம கிராம சபைக்குப் போற அபூர்வப் பிறவி. "போனா என்னடா நடக்கும்?"னு கேட்டேன்.

"தீர்மானப் புத்தகம்னு ஒண்ணு வரும் மச்சி. உட்கார்ந்த உடனே கையெழுத்துப் போடச் சொல்லுவாங்க. பக்கத்தைப் பார்த்தா மேல ஒண்ணுமே எழுதியிருக்காது. நான் கையெழுத்துப் போட மாட்டேன். எழுதுங்க, வாசிங்க, அப்புறம் போடறேன்னு உட்கார்ந்துடுவேன்."

"கத்த மாட்டாங்க?"

"முதல் தடவை கத்தினாங்க. ரெண்டாவது தடவை ஒரு ஆயா, நம்ம தெருப் பாட்டிதான், கைநாட்டு வைக்கிறவங்க, 'புள்ள கேக்குது இல்ல, படியேன்யா. எனக்கும் என்னா எழுதியிருக்கன்னு தெரிய வேணாமா?'ன்னுச்சு. அப்புறம் படிச்சாங்க."

"உன் சீட்டு என்னாச்சு?"

"எது, காலேஜ் கணக்கா? அது அந்த அண்ணன் பையிலதான் இருக்கும். தெருவிளக்குக்குப் போட்ட சீட்டு மட்டும் புக்குல ஏறிடுச்சு. மூணு கம்பம் கேட்டேன், ஒண்ணு வந்திருக்கு. அடுத்த கூட்டத்துல மீதி ரெண்டைக் கேக்கணும்."